நம்ம கோயில் பழைய பிக்கப்புக்கு இன்னும் சில மாதம்தான்



பதிவு கொஞ்சம் நீளம். ஒரு கோப்பி கலக்கி பக்கத்துல வெச்சுக்கிட்டுப் படிங்க. அவசரம்னா கடைசிப் பகுதியை மட்டுமாவது படிச்சிடுங்க, அதுல உங்ககிட்ட ஒரு விஷயம் கேட்டிருக்கோம்.

வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்கு வர்றவங்க பின்வாசல் பக்கம் நிக்கிற வெள்ளை பிக்கப்பைப் பார்த்திருப்பீங்க. அரிசி மூட்டை, காய்கறி, வாழை இலைக் கட்டு, பெரிய பெரிய அண்டா, திருவிழா நேரத்துல தோரணம், பந்தல் கம்பி எல்லாம் அதுலதான் வருது. ரொம்ப நாளா உங்கள்ல பல பேர் ரெண்டு கேள்வி கேக்குறீங்க. "இந்தப் பழைய வண்டியை ஏன் இன்னும் வெச்சிருக்கீங்க?" இது ஒண்ணு. "இதுக்குச் செலவு பண்ற காசுல புதுசு வாங்கலாமே?" இது ரெண்டாவது. நியாயமான கேள்விதான். உண்டியல்ல நீங்க போடுற ஒவ்வொரு வெள்ளிக்கும் கணக்குச் சொல்ல வேண்டியது எங்க கடமை. அதனால முழுசா எழுதுறோம்.

முதல்ல வண்டியோட கதை. 2006 செப்டம்பர்ல பதிவானது. ஜப்பான் தயாரிப்பு, நாலு சிலிண்டர், 2.5 லிட்டர் டீசல் இன்ஜின், கையால கியர் போடுற வண்டி. கம்பெனி பேரைச் சொன்னா விளம்பரம் மாதிரி ஆயிடும், விடுங்க. டீசல் பம்ப் பழைய மாதிரி, முழுக்க இரும்பும் ஸ்பிரிங்கும். கம்ப்யூட்டர் கிடையாது. வாங்கினவர் நம்ம கோயில்ல ரொம்ப வருஷம் தொண்டு செஞ்ச ஒரு அண்ணன். ரெனவேஷன் காண்டிராக்ட் தொழில். வாரம் முழுக்க அவர் வேலைக்கு ஓடும், வெள்ளி சாயங்காலமும் ஞாயிறும் கோயிலுக்கு ஓடும். பின்னாடி, தொழிலைக் குறைச்சுக்கிட்டப்போ, கோயில் பேருக்கே எழுதிக் கொடுத்துட்டார். நாங்க எல்லாரும் அவரைப் பெரியண்ணன்னுதான் கூப்பிடுவோம்.

சிங்கப்பூர்ல வண்டி வெச்சிருக்கிறவங்களுக்கு சிஓஇ பத்திச் சொல்ல வேண்டியதில்லை. 1990-லேர்ந்து இருக்கிற முறை. வண்டி வாங்கறதுக்கு முன்னாடி அதை ரோட்டுல ஓட்டுற உரிமையை ஏலத்துல வாங்கணும், பத்து வருஷம் செல்லும். 2016-ல நம்ம வண்டிக்குப் பத்து வருஷம் முடிஞ்சது. அஞ்சு வருஷத்துக்குப் புதுப்பிச்சா அதுக்கப்புறம் நீட்டிக்க முடியாது. பத்து வருஷத்துக்குப் புதுப்பிச்சா காசு அதிகம். பெரியண்ணன் பாதி போட்டார், மீதியைப் பக்தர்கள் கொடுத்தீங்க. பத்து வருஷத்துக்கே எடுத்தோம். சரக்கு வண்டிக்கு இங்க சட்டப்படி மொத்த ஆயுள் 20 வருஷம். அதாவது இந்த செப்டம்பரோட வண்டிக்கு முடிவு. எவ்வளவு நல்லா வெச்சிருந்தாலும் அதுக்கு மேல ஒரு நாள் கூட ஓட முடியாது.

விநாயகர் சதுர்த்திக்கு ஓடும். நவராத்திரிக்கு இருக்காது. இருபது வருஷமா ஆயுத பூஜை அன்னிக்கு நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வெச்சு, சந்தனம் குங்குமம் வெச்சு, மாலை போட்ட வண்டி. போன வருஷம் போட்டதுதான் கடைசி மாலை.

இனி முதல் கேள்விக்கு வர்றோம். ஏன் வெச்சிருந்தோம்?

காசுதான் காரணம். புது வண்டி வாங்கணும்னா வண்டி விலை ஒரு பக்கம், சிஓஇ ஒரு பக்கம். சரக்கு வண்டிக்கான சி பிரிவு சிஓஇ மட்டுமே 70,000 வெள்ளிக்கு மேல போன காலத்தைப் பார்த்துட்டோம். அந்தக் காசுக்கு எத்தனை வெள்ளிக்கிழமை அன்னதானம் போடலாம்னு யோசிச்சுப் பாருங்க. கையில ஏற்கெனவே இருக்கிற வண்டிக்கு 2026 வரைக்கும் உரிமை கட்டியாச்சு. அதை ஒழுங்கா பராமரிச்சு, கட்டின காசை முழுசா ஓட்டி எடுக்கறதுதான் சிக்கனம்னு முடிவு பண்ணோம்.

ஆனா பழைய டீசல் வண்டியைப் பராமரிக்கணும்னா பராமரிக்கிற மாதிரி பராமரிக்கணும். பத்து வயசைத் தாண்டின சரக்கு வண்டியை ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பரிசோதனை நிலையத்துக்குக் கொண்டு போகணும். பிரேக், லைட், டயர், சக்கர அலைன்மென்ட், புகை எல்லாம் பார்ப்பாங்க. புகை தேறலைன்னா வண்டி தேறாது.

இன்னொண்ணு, நாங்க யாரும் மெக்கானிக் இல்லை. இதை எழுதுறவங்களுக்கு ஜூரோங் பக்கம் ஃபாக்டரியில சூப்பர்வைசர் வேலை, ஐம்பது தாண்டியாச்சு, படிப்பு பள்ளியோட சரி. மத்தவங்கள்ல ஒருத்தர் பேருந்து ஓட்டுநர், ஒருத்தர் தேக்கா மார்க்கெட்ல காய்கறிக் கடையில இருக்கார், ஒரு தங்கச்சி பாலிடெக்னிக்ல படிக்குது. ஃபாக்டரியில கத்துக்கிட்ட ஒரு பழக்கத்தைத்தான் இங்க கொண்டு வந்தோம். மெஷின் நின்னதுக்கப்புறம் ஓடறதை விட, நிக்கிறதுக்கு முன்னாடியே தினம் அஞ்சு நிமிஷம் பார்க்கறது மலிவு.

எங்க பார்க்கறோம்னு சிலர் கேக்கலாம். வீவக கார் நிறுத்துமிடத்துல வண்டி ரிப்பேர் வேலை செய்யக் கூடாது. அதனால வீட்டுக்குக் கீழ பானெட்டைத் திறந்து எண்ணெய், தண்ணி பார்க்கறது, டயர் காத்து பார்க்கறது, இது மட்டும்தான். ஸ்பேனர் எடுக்கற வேலைன்னா காக்கி புக்கிட் பக்கம் எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு சின்ன வொர்க்‌ஷாப்ல, ஞாயித்துக்கிழமை காலையில, ஒரு ஓரமா இடம் கொடுப்பாங்க.

அந்த வொர்க்‌ஷாப் அங்கிள் பத்திச் சொல்லியே ஆகணும். சீனர், எழுபது வயசைத் தாண்டினவர். தமிழ் தெரியாது, எங்களுக்குச் சீனம் தெரியாது. நடுவுல பாசார் மலாய். "பெலான் பெலான்" அப்படின்னா மெதுவா மெதுவா. போல்ட்டை முறுக்கற ஒவ்வொரு தடவையும் இதைத்தான் சொல்லுவார். வாட்டர்லூ ஸ்திரீட்ல கிருஷ்ணன் கோயிலும் குவான் இம் கோயிலும் பக்கத்துப் பக்கத்துல இருக்கு இல்லையா, அங்க ரெண்டு இடத்துலயும் கும்பிட்டுட்டுப் போற ஆள். சாமான் விலை மட்டும் வாங்குவார், கூலி வாங்க மாட்டார். அதுக்குப் பதிலா வெள்ளிக்கிழமை சாம்பார் ஒரு டிஃபன் கேரியர்ல போகணும். அது போகலைன்னா போன் பண்ணிக் கேப்பார்.

அவர் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததுல முதல் பாடம் புகை.

டீசல் இன்ஜின்ல பெட்ரோல் இன்ஜின் மாதிரி ஸ்பார்க் பிளக் கிடையாது. காத்தை இருபதுல ஒரு பங்கா அழுத்தி நெருக்கும்போது அது 500 டிகிரிக்கு மேல சூடாயிடும். அந்தச் சூட்டுல டீசலைப் பனித்துளி மாதிரி தெளிச்சா தானா பத்திக்கும். 1890-கள்ல ஜெர்மனிக்காரர் ருடால்ஃப் டீசல் கண்டுபிடிச்சது இது. 1900-ல பாரிஸ் கண்காட்சியில இந்த வகை இன்ஜின் ஒண்ணைக் கடலை எண்ணெய்ல ஓட்டிக் காட்டியிருக்காங்க. இதை அன்னதானக் கூடத்துல சொன்னப்போ சமையல் அக்கா, "அப்போ வடை சுட்ட எண்ணெயை வண்டிக்கு ஊத்திடலாமா?"ன்னு கேட்டாங்க. அக்கா, ஊத்தக் கூடாது, அப்படியே வடிகட்டி ஊத்தினா பம்ப் கெட்டுப் போகும்.

சரி, புகைக்கு வருவோம். கறுப்புப் புகைன்னா டீசல் அதிகம், காத்து பத்தலை. முதல்ல ஏர் ஃபில்டரைப் பாரு, அப்புறம் இன்ஜெக்டரைப் பாரு. நீலப் புகைன்னா இன்ஜின் ஆயில் உள்ள போய் எரியுது, அது பெரிய செலவு. வெள்ளைப் புகைன்னா டீசல் எரியாமலே வெளிய வருது, இல்லைன்னா ரேடியேட்டர் தண்ணி உள்ள போகுது. நிறம் பார்த்தாலே பாதி நோய் தெரிஞ்சிடும்பார். நம்ம ஊர் வைத்தியர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்க்கற மாதிரி.

இதுக்கு ஒரு உதாரணம். சில வருஷம் முன்னாடி காலையில வண்டி சீக்கிரம் கிளம்பாம அடம் பிடிச்சது. செல்ஃப் அடிச்சு அடிச்சு, கிளம்பின உடனே நின்னுடும், மறுபடி அடிச்சா வெள்ளைப் புகையோட கிளம்பும். அப்போ அங்கிள் ஊர்ல இல்லை. வேற ஒரு வொர்க்‌ஷாப்ல காட்டினோம். இன்ஜின் அழுத்தம் போயிடுச்சு, பிரிச்சு வேலை செய்யணும், அஞ்சாயிரம் வெள்ளிக்குக் குறையாதுன்னு சொன்னாங்க. நிர்வாகத்துல சில பேர், போதும் வண்டியை ஒழிச்சிடலாம்னே முடிவு பண்ணிட்டாங்க.

ஆனா ஒரு விஷயம் இடிச்சது. ஒரு தடவை கிளம்பிட்டா அன்னிக்கு முழுக்க வண்டி நல்லா இழுத்தது. அழுத்தம் போன இன்ஜின் அப்படி இழுக்காதே? இன்னொண்ணு, சமதரையில நிறுத்தினா அவ்வளவா அடம் பிடிக்காது, முன்பக்கம் மேடா நிறுத்தின மறுநாள்தான் தகராறு. இதை எல்லாம் நோட்டுல எழுதி வெச்சிருந்தோம். அங்கிள் திரும்பி வந்ததும் நோட்டைக் காட்டினோம். டீசல் ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவுல ஒரு அடி கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் குழாயை மாட்டிட்டு இன்ஜினை ஓடவிட்டார். குழாய்க்குள்ள முத்து முத்தா காத்துக் குமிழி ஓடுது. எங்கேயோ காத்து உறிஞ்சுது. ஃபில்டருக்கு அடியில ரப்பர் குழாய், வெளிய பார்த்தா நல்லா இருக்கு, வளைச்சுப் பார்த்தா முடி மாதிரி வெடிப்பு. ராத்திரி முழுக்க அந்த வெடிப்பு வழியா காத்து உள்ள போக, டீசல் டாங்கிக்கே திரும்ப வழிஞ்சிடுது. முன்பக்கம் மேடா நின்னா இன்னும் சீக்கிரம் வழியும். குழாய், ரெண்டு கிளிப், மொத்தம் எட்டு வெள்ளி. புதுக் குழாய் மாட்டி, ஃபில்டர் மேல இருக்கிற கைப்பம்பை அழுத்தி அழுத்திக் காத்தை வெளியேத்தினோம். ஒரே அடியில கிளம்பிச்சு.

அஞ்சாயிரத்துக்கும் எட்டுக்கும் நடுவுல இருந்தது அந்த நோட்டுதான். எப்போ அடம் பிடிச்சது, எங்க நிறுத்தியிருந்தோம், புகை என்ன நிறம்னு எழுதி வெச்சதுதான். வீட்டுல வண்டி வெச்சிருக்கிற பக்தர்களுக்கும் சொல்றோம். பெரிய செலவு சொன்னா உடனே தலையாட்டாதீங்க. எப்போ வருது, எப்போ வரலைன்னு ஒரு வாரம் எழுதுங்க.

கோயில் வண்டிக்குன்னே சில நோய் இருக்கு. அதுவும் சொல்லிடறோம், மத்த கோயில் தொண்டூழியர்களுக்கு உதவும்.

ஒண்ணு, ஊர்வலச் சூடு. சாமி ஊர்வலத்துக்குப் பின்னாடி பிக்கப் நடை வேகத்துல மணிக்கணக்கா போகும். விரைவுச்சாலையில சூடாகாத வண்டி சிராங்கூன் ரோட்டுல சூடாகும். ஓடும்போது எதிர்க்காத்து ரேடியேட்டரைக் குளிர வைக்கும், நிக்கும்போது விசிறி ஒண்ணுதான் கதி. பழைய வண்டியில விசிறிக்கு நடுவுல சிலிக்கான் எண்ணெய் அடைச்ச ஒரு கிளட்ச் இருக்கும். அந்த எண்ணெய் கசிஞ்சிட்டா விசிறி சுத்தும், ஆனா வேகமா சுத்தாது. இன்ஜினை நிறுத்தி, ஆறினதுக்கப்புறம், சாவியைக் கையில எடுத்துக்கிட்டு விசிறியைக் கையால சுத்திப் பாருங்க. காத்தாடி மாதிரி பல சுத்து சுத்தினா கிளட்ச் போச்சு. தைப்பூசத்துக்கு ரெண்டு வாரம் முன்னாடி நாங்க முதல்ல பார்க்கறது இதைத்தான்.

ரெண்டு, துரு. சிங்கப்பூர் மழையும் ஈரமும் தெரிஞ்சதுதான். அதுக்கு மேல நம்ம வண்டியில பால் சிந்தும், இளநீர் சிந்தும், மஞ்சத்தண்ணி சிந்தும். பூ, வெத்தலை, அரிசி எல்லாம் போய் பின்தட்டு ஓட்டைகளை அடைச்சுக்கும். தண்ணி போக வழியில்லாம அடியில தேங்கி, சட்டத்தைத் தின்னுடும். ஒவ்வொரு திருவிழா முடிஞ்சதும் தட்டைக் கழுவி, ஓட்டைகளை ஒரு மெல்லிசுக் குச்சியால குத்தி விடறது ஒரு தொண்டு. கோபுரம் கழுவற மாதிரிதான் இதுவும். இருபது வருஷ வண்டியோட சட்டம் இன்னும் திடமா இருக்குன்னா, அது பேர் தெரியாத பல பிள்ளைங்க குச்சியால குத்தினதாலதான்.

மூணு, பாரம். 25 கிலோ அரிசி மூட்டை நாப்பது ஏத்தினா ஒரு டன். வண்டி பக்கவாட்டுல அதிகபட்ச எடை எழுதியிருக்கும், அதுல ஆளோட எடையும் சேர்த்தி. "அண்ணே இன்னும் ரெண்டே மூட்டை"ன்னு கேட்டா முடியாதுன்னுதான் சொல்லுவோம். கோவிச்சுக்காதீங்க, ரெண்டு தடவை போயிட்டு வர்றோம். பாரம் ஏறினா பிரேக் நிக்கிற தூரம் நீளும். பிரேக் எண்ணெய் காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கும், அதனால ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை புதுசு மாத்திடறோம், பார்க்கறதுக்கு நல்லா இருந்தாலும்.

நாலு, கழிவு எண்ணெய். ஆயில் மாத்தினா அஞ்சாறு லிட்டர் கறுப்பா வெளிய வரும். அதைச் சாக்கடையில ஊத்தக் கூடாதுன்னு எல்லாருக்கும் தெரியும். ஏன்னு நாங்க பிள்ளைங்களுக்கு இப்படிச் சொல்லுவோம். தேக்காவை ஒட்டி ஓடுற ரோச்சோர் கால்வாய்த் தண்ணி காலாங் வழியா மரினா நீர்த்தேக்கத்துக்குப் போகுது. 2008-ல அணைக்கட்டு வந்ததுக்கப்புறம் அது நாம குடிக்கிற தண்ணிக்கான தேக்கம். சாமிக்கு அபிஷேகம் பண்ற தண்ணியும் அதே குழாய்லதான் வருது. கழிவு எண்ணெயைக் கேன்ல பிடிச்சு வொர்க்‌ஷாப்லயே கொடுத்திடுவோம், உரிமம் உள்ளவங்க வந்து எடுத்துக்கிட்டுப் போவாங்க.

ஐந்தாவது எங்க ஃபாக்டரிப் பழக்கம். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில போகக் கூடாது. ஸ்டாண்டு வெச்சு, சக்கரத்துக்குக் கட்டை போட்டு, சாவி வேலை செய்யறவர் பாக்கெட்ல. தொண்டு செய்ய வந்த பிள்ளையை முழுசா அம்மாகிட்ட அனுப்பணும். இதுல சமாதானமே கிடையாது.

2020-ஐப் பத்தியும் எழுதணும். ஏப்ரல் 7-லேர்ந்து நோய்ப் பரவல் முறியடிப்பு. கோயில் நடை பக்தர்களுக்கு மூடியாச்சு. அன்னதானம் இல்லை. வண்டி ரெண்டு மாசம் ஒரே இடத்துல நின்னது. அந்த மே மாசம்தான் பெரியண்ணன் தவறிட்டார். நெஞ்சு வலி. இறுதிச் சடங்குல ஒரு நேரத்துல பத்துப் பேருக்கு மேல கூடக் கூடாது. அவர் கையால சாப்பிடாத ஆள் நம்ம கோயில்ல இல்லை, பத்துப் பேர்தான் இருந்தாங்க. நாங்க எல்லாரும் வீட்டுல உட்கார்ந்து போன்ல பார்த்தோம்.

ஜூன்ல வெளிய வந்தப்போ வண்டி செத்துக் கிடந்தது. பேட்டரி காலி. டாங்கி பாதி காலியா நின்னதால உள்ள ஈரம் வேர்த்து டீசல்ல தண்ணி கலந்திருந்தது. டீசலை விடத் தண்ணி கனம், அதனால அடியில போய்த் தங்கும். ஃபில்டருக்கு அடியில ஒரு சின்னத் திருகு இருக்கும், அதைத் திறந்தா முதல்ல தண்ணி வரும். ஒரு கண்ணாடி டம்ளர்ல பிடிச்சா கீழ தண்ணி, மேல டீசல்னு கோடு போட்ட மாதிரி தெரியும். தெளிஞ்ச டீசல் வர்ற வரைக்கும் விட்டோம். புது ஃபில்டர், புது பேட்டரி. பெரியண்ணன் வீட்டு அக்காவைக் கூப்பிட்டு சாவி போடச் சொன்னோம். ரெண்டு தடவை அடிச்சுது, மூணாவது தடவை பிடிச்சுக்கிச்சு. அக்கா ஒண்ணும் பேசலை. பானெட் மேல கையை வெச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் நின்னாங்க. இப்பவும் வெள்ளிக்கிழமை வந்தா சாமி கும்பிட்டுட்டுப் போறப்போ வண்டியை ஒரு தடவை தொட்டுட்டுத்தான் போவாங்க. பார்த்தவங்களுக்குத் தெரியும்.

அதனாலதான் இப்போ எழுதப் போறது எங்களுக்குச் சுலபமா இல்லை.

போன வருஷம் கூட்டத்துல அந்தப் பாலிடெக்னிக் தங்கச்சி எழுந்து நின்னு கேட்டுது. "அங்கிள், நீங்க நல்லா பார்த்துக்கிறீங்க, சரி. ஆனா எவ்வளவு பார்த்துக்கிட்டாலும் இது பழைய டீசல்தானே? என் தம்பிக்கு ஆஸ்துமா. அன்னதான வரிசையில அவன் நிக்கிறான்." கூடம் அமைதியாயிடுச்சு. ஒருத்தர் "பெரியவங்க வாங்கிக் கொடுத்த வண்டிம்மா"ன்னு ஆரம்பிச்சார். நாங்கதான் தடுத்தோம். ஏன்னா அந்தப் பொண்ணு சொன்னது சரி. உலகச் சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, டீசல் புகை மனுஷனுக்குப் புற்றுநோய் வரவைக்கும்னு 2012-ல அறிவிச்சிடுச்சு. இங்க டீசல் வண்டிக்கு யூரோ 4 தரம் வந்தது 2006 அக்டோபர்ல. நம்ம வண்டி அதுக்கு ஒரு மாசம் முன்னாடி பதிவானது. 2018-லேர்ந்து புதுசா வர்ற டீசல் வண்டிக்கு யூரோ 6. ரெண்டுக்கும் நடுவுல மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஏர் ஃபில்டர் மாத்தி அந்த வித்தியாசத்தை மூட முடியாது.

அன்னிக்கே ரெண்டு முடிவு எடுத்தோம். சாமான் இறக்கற இடத்தை வரிசையிலேர்ந்து தள்ளிப் பின்சந்துக்கு மாத்தினோம். நிறுத்தின அடுத்த நொடி இன்ஜின் ஆஃப். நிக்கிற வண்டியில இன்ஜினை ஓடவிடறது இங்க சட்டப்படியும் குற்றம்தான். அந்தத் தங்கச்சிகிட்டயே வண்டி நோட்டையும் கொடுத்தோம். இப்போ எங்களை விட நல்லா எழுதுது. புகைக்கு தனியாவே ஒரு பத்தி போட்டிருக்கு.

பராமரிப்புன்னா ஒரு பொருளைச் சாகவே விடாம வெச்சிருக்கறதுன்னு சில பேர் நினைக்கிறாங்க. எங்களுக்கு அப்படித் தோணலை. விளக்குத் திரியை நாம தினம் மாத்தறோம். பழைய திரி மேல பக்தி இல்லாததால இல்லை, வெளிச்சம் நிக்கக் கூடாதுங்கறதால. இந்த வண்டியை இருபது வருஷம் காப்பாத்தினது அன்னதானம் நிக்கக் கூடாதுங்கறதுக்காக. அந்த வேலையை இன்னும் சுத்தமா செய்யற ஒண்ணு வந்தா, இது வழி விட்டுத்தான் ஆகணும். எருமை ரோடு, கெர்பாவ் ரோடுன்னு நம்ம தேக்காவுல பேர் இருக்கே, கெர்பாவ்னாலும் மலாய்ல எருமைதான். இங்க மாட்டுத் தொழில் நடந்த காலத்தோட ஞாபகம் அது. மாடு போச்சு, லோரி வந்துச்சு. லோரியும் போகும். அம்மனுக்கு வர்ற அரிசி நிக்காது.

இப்போ உங்ககிட்ட கேக்க வந்த விஷயம். பதிவு நீக்கினதும் ஒரு மாசத்துக்குள்ள வண்டியை உடைக்கக் கொடுக்கணும், இல்லைன்னா வெளிநாட்டுக்கு அனுப்பணும். வெளிநாட்டுக்கு அனுப்பினா கொஞ்சம் அதிகக் காசு கிடைக்கும்னு ஒரு ஏஜென்ட் சொன்னார். நாங்க அக்காகிட்ட போய்க் கேட்டோம். அவங்க கேட்டாங்க: "நம்ம பிள்ளைங்களுக்கு ஆகாத புகை, அங்க இருக்கிற பிள்ளைங்களுக்கு மட்டும் ஆகுமா?" அதுக்கு மேல நாங்க பேசலை. இருந்தாலும் இது கோயில் சொத்து, முடிவு பக்தர்களோடது. அடுத்த கூட்டத்துல வெச்சிடறோம், வந்து சொல்லுங்க.

அடுத்த வண்டி என்னங்கறதும் அதே கூட்டத்துல பேசுவோம். மின்சார வேன் வாங்கறதா, திருவிழாவுக்கு மட்டும் வாடகைக்கு எடுக்கறதா, இல்லை வியாபாரம் பண்ற பக்தர்கள் முறை வெச்சு வண்டி தர்றதா. மூணுக்கும் கணக்குப் போட்டுக்கிட்டிருக்கோம். வேன் வெச்சிருக்கிறவங்க, மின்சார வண்டி ஓட்டுறவங்க அனுபவத்தைச் சொன்னா பெரிய உதவி. மாசம் சார்ஜுக்கு எவ்வளவு ஆகுது, ஒரு டன் ஏத்தினா எவ்வளவு தூரம் போகுது, அது மட்டும் உண்மையாச் சொல்லுங்க போதும்.

கடைசியா ஒண்ணு. வொர்க்‌ஷாப் அங்கிள் போன வருஷக் கடைசியில கடையை மூடிட்டார். வயசாயிடுச்சு, பிள்ளைங்க யாரும் இந்தத் தொழிலுக்கு வரலை. அவரோட சாக்கெட் செட்டை எங்களுக்குக் கொடுத்திருக்கார். எந்த வண்டி வந்தாலும் டயர், பிரேக், துரு, பாரம் எல்லாம் இருக்கும். மின்சார வண்டிக்கும் தட்டுல பூ அடைச்சுக்கும். அதனால வண்டி போறதுக்கு முன்னாடி அதுல கத்துக்கக் கூடியதைக் கத்துக்கிட ஆள் வேணும். ஆணோ பெண்ணோ, 16 வயசுக்கு மேல, அப்பா அம்மா சம்மதத்தோட வரலாம். மாசத்துல ரெண்டாவது ஞாயிறு காலை 7 மணி, கோயில் பின்வாசல். மூடின ஷூ கட்டாயம். செருப்பு போட்டு வந்தா திருப்பி அனுப்பிடுவோம், யார் பிள்ளையா இருந்தாலும் சரி. பசியாற இட்லி உண்டு.

அங்கிளுக்கு இப்பவும் வெள்ளிக்கிழமை சாம்பார் போகுது. கடை இல்லை, வீட்டுக்கே கொண்டு போய்க் கொடுக்கறோம். அதையும் செய்ய ஒரு ஆள் வேணும், தோ பாயோ பக்கம் இருக்கிறவங்க சொல்லுங்க.

அம்மன் அருளால எல்லாரும் நல்லா இருக்கணும்.

ஓம் சக்தி பராசக்தி.

போக்குவரத்துத் தொண்டூழியர்கள்